அவளிடம் எப்போது சொன்னான்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

போன சனிக்கிழமை இரவு நானும் மனைவியும் 'பட்டர்ஃப்ளை ஆன் எ வீல்' (2007) படம் பார்த்தோம். முன்பின் தெரியாத ஒருவன் காரின் பின்சீட்டிலிருந்து எழுந்து, உங்கள் மகள் என் பிடியில் இருக்கிறாள், சொன்னதைச் செய்யுங்கள் என்று ஒரு தம்பதியை நாள் முழுக்க ஆட்டிவைக்கிறான். பணத்துக்காக அல்ல. அவன் மனைவிக்கும் இந்தக் கணவனுக்கும் தொடர்பு இருந்திருக்கிறது, அதற்கான பழி. அதைவிடப் பெரிய அடி கடைசியில். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவன் மனைவிக்கே எல்லாம் முன்பே தெரியும், அவளும் அந்த நாடகத்தில் கூட்டு.

படம் முடிந்ததும் என் மனைவி "அவ செஞ்சது சரிதான்" என்றாள். பெற்ற குழந்தையின் பெயரைச் சொல்லி ஒருவனை நாள் முழுக்கச் சித்திரவதை செய்வது எப்படிச் சரியாகும், அவன் செய்த தப்புக்கு விவாகரத்து கேட்டிருக்கலாமே என்றேன். அது வாக்குவாதமாகி இன்றுவரை அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எங்கள் வாழ்க்கையில் அப்படி எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் சொல்வது சரி? கதையில் நிறைய ஓட்டைகள் இருப்பதாகவும் எனக்குத் தோன்றியது. மலையாளத்தில் 'காக்டெயில்' என்று இதை எடுத்தார்களே, அது இதைவிட மேல் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஓட்டைகள் இருக்கின்றன. இந்த வகைப் படங்களில் எல்லாவற்றிலும் இருக்கும், பார்க்கும்போது தெரியாவிட்டால் போதும். 'காக்டெயில்' 2010-இல் வந்தது, அதுவரை எடிட்டராக இருந்த அருண்குமார் அரவிந்தின் முதல் படம், பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து மார்க் போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

'யார் சொல்வது சரி' என்பதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. நான் எதைச் சொன்னாலும் அதை மொபைலில் திறந்து மனைவியிடம் நீட்டுவீர்கள், அதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முகம் தெரியாத எனக்கு உட்கார்ந்து இவ்வளவு எழுத முடிகிற உங்களால், பக்கத்து அறையில் இருப்பவரிடம் போய் 'உனக்கு ஏன் அது சரின்னு பட்டுச்சு' என்று கேட்க முடியவில்லையா? உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அதில் உங்கள் தரப்பு காரணத்தோடும் மாற்று யோசனையோடும் இருக்கிறது. அவர் தரப்பு மூன்றே சொல். 'அவ செஞ்சது சரிதான்.' அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லையா, சொன்னது உங்கள் காதில் விழவில்லையா? 'எங்கள் வாழ்க்கையில் அப்படி எதுவும் இல்லை' என்பதும் தேவையில்லாத வரி, நான் கேட்கவே இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு படத்துக்காக இத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்கும் தம்பதியை எனக்குப் பிடிக்கிறது. ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது மற்றவருக்கு இன்னும் முக்கியமாக இருக்கிறது, இல்லாவிட்டால் அவரவர் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கியிருப்பீர்கள். அது சின்ன விஷயம் இல்லை.

நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கொஞ்ச காலமாகக் கடத்தல் படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவற்றைப் பாசத்துக்கு வைக்கும் பரீட்சை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், பிள்ளைக்காக அப்பன் எவ்வளவு தூரம் போவான், மனைவிக்காகக் கணவன் எதை இழப்பான் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் எவனும்தான் ஓடுவான், அதில் பரீட்சை என்ன இருக்கிறது? நான் பார்ப்பது ஒன்றைத்தான். செய்தி முதலில் யாருக்குத் தெரிந்தது, தெரிந்தவர் மற்றவரிடம் எப்போது சொன்னார், சொல்லாமலே தானாக எதை முடிவு செய்தார். ஒரு கல்யாணம் உள்ளே எப்படி இருக்கிறது என்பது அந்த இடைவெளியில் தெரிந்துவிடும்.

நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் தன் உறவை மறைக்கிறான். அது தனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவள் மறைக்கிறாள். அவன் எந்த ஆயுதத்தால் அடித்தானோ அதே ஆயுதத்தைத்தான் அவளும் எடுக்கிறாள். வங்கியில் இருக்கும் மொத்தச் சேமிப்பையும் எடுக்கவைத்து அதைக் கடத்தியவன் அழிக்கிறானே, அப்போது கணவனாக வரும் ஜெரார்ட் பட்லர் பதறுகிறார், மனைவியாக வரும் மரியா பெல்லோவும் கூடவே இருக்கிறார். முதல் தடவை பார்க்கும்போது அது பயந்துபோன ஒரு தாயின் முகம். முடிவு தெரிந்து பார்த்தால் அதே முகத்தில் வேறு எதையோ தேட ஆரம்பித்துவிடுவீர்கள். இது நல்ல சினிமாதான். ஆனால் அவள் எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொண்டதும் படம் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை அந்த இரண்டு பேரும் எதைப் பேச ஆரம்பிப்பார்கள் என்பதுதான் கதை, அதைத் தொடவே இல்லை.

தொட்டவர் சஸ்பென்ஸ் படங்களின் இயக்குநர் ஹிட்ச்காக். 1956-இல் வந்த 'தி மேன் ஹூ நியூ டூ மச்' பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்க டாக்டர் பென்னாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட், அவன் மனைவி ஜோவாக டோரிஸ் டே, அவர்களுக்கு ஹாங்க் என்று ஒரு சிறுவன். ஜோ ஒரு காலத்தில் பேர் பெற்ற மேடைப் பாடகி, கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டாள். மொராக்கோவில் மரக்கேஷ் சந்தையில் நடந்தபடி, இந்தச் சுற்றுலாவுக்கு எந்த நோயாளியின் பித்தப்பைக் கல் பணம் கட்டியது, எதற்கு யாருடைய டான்சில் கட்டியது என்று கணவனும் மனைவியும் கணக்குப் போட்டுச் சிரிக்கிறார்கள். நாம் எப்போது இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்வது என்று ஜோ கேட்கிறாள். சற்று நேரத்தில், பயணத்தில் அவர்களோடு பழகிய ஒருவன் முதுகில் கத்தியோடு வந்து விழுந்து, பென்னின் காதில் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். போலீஸ் நிலையத்தில் பென்னுக்கு ஒரு போன் வருகிறது. கேட்டதை வெளியே சொன்னால் உன் மகனுக்கு ஆபத்து.

போன் வந்தது அவனுக்கு. அவன் ஓட்டல் அறைக்கு வருகிறான். அவள் இன்னும் நடந்த கொலையைப் பற்றியே படபடவென்று பேசிக்கொண்டிருக்கிறாள், பையனைத் துணைக்கு இருந்தவர்கள் பத்திரமாக அழைத்து வந்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவன் மாத்திரையை எடுக்கிறான். தூக்க மாத்திரை மாதிரி, மயக்கி அடக்குகிற மருந்து. அவள் வேண்டாம் என்கிறாள், நான் அதிகமாக மாத்திரை போடுகிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறாள். அவன் டாக்டராகப் பேசுகிறான். அப்புறம் பேரம் பேசுகிறான், நீ இதைப் போட்டுக்கொண்டால் நான் ஒரு விஷயம் சொல்கிறேன் என்று. என்ன விஷயமோ என்ற ஆர்வத்தில் அவள் விழுங்கிவிடுகிறாள். மருந்து வேலை செய்யும் வரை எதையெதையோ பேசிப் பொழுதைக் கடத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் சொல்கிறான், ஹாங்க்கைக் கடத்திவிட்டார்கள் என்று. அவள் எழுந்து ஓடப் பார்க்கிறாள், அவன் கட்டிலில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். தன் பிள்ளைக்காக முழுசாக அலறக்கூட அவளிடம் தெம்பு இல்லை, அதைத்தான் அவன் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டானே.

மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரியவேண்டும், பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது, அதுதான் சஸ்பென்ஸ் என்று ஹிட்ச்காக் விளக்குவார். எல்லோரும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். இந்தக் காட்சியில் குண்டு கணவனின் உள்ளங்கையில் இருக்கிறது என்பதை யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. படத்தில் வரும் கொலைகாரனைவிட எனக்கு அந்த மாத்திரைதான் பயமாக இருக்கிறது.

அவன் அவளுடைய நல்லதுக்குத்தானே செய்தான் என்று நீங்கள் எழுதுவீர்கள், இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆமாம், நல்லதுக்குத்தான். பென் கெட்டவன் இல்லை, மனைவிமேல் உயிரையே வைத்திருக்கிறான், அதனால்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 'அவளால தாங்க முடியாது' என்று முடிவு செய்ய அவனுக்கு யார் உரிமை கொடுத்தது? அவள் தாங்கமாட்டாள் என்பது அவள் நிலைமையா, அவள் அழுவதை இவனால் தாங்க முடியாது என்பதா? மனைவியை உயிராக நினைக்கும் ஆண்களில் எத்தனையோ பேர் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே ஆயுசை ஓட்டிவிடுகிறார்கள். மனைவிகளும் செய்வார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மறைப்பவர் எந்தப் பக்கம் இருந்தாலும் மற்றவர் அந்த நேரத்தில் பெரியவராக இல்லாமல் போகிறார், பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய ஒரு குழந்தையாகிவிடுகிறார்.

அந்தப் படத்தின் மிச்சத்தைப் பாருங்கள். செத்துப்போனவன் நம்மிடம் எல்லாம் கேட்கிறான், தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்று முதலிலேயே சந்தேகப்பட்டவள் ஜோ, பென் அதை ஒதுக்கித் தள்ளினான். மகனைத் தேடிப் போன லண்டனில், செத்தவன் சொன்ன பெயரை வைத்து அவர்கள் தேடுவது ஓர் ஆளை அல்ல, ஒரு தேவாலயத்தை என்று கண்டுபிடிக்கிறவளும் அவள்தான். ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி நடக்கும்போது மகனின் உயிர் ஒரு பக்கம், முன்பின் தெரியாத ஒருவரின் உயிர் இன்னொரு பக்கம் என்று தனியாக நின்று தவித்து, கடைசி நொடியில் அலறிக் கொலையைக் கெடுப்பவள் அவள். தூதரகத்தில் பாடிப் பாடியே மகன் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்பவளும் அவள். தாங்கமாட்டாள் என்று மருந்து கொடுக்கப்பட்டவள்! இதே கதையை ஹிட்ச்காக் 1934-இல் இங்கிலாந்தில் எடுத்திருந்தார். அதில் கடத்தப்படுவது மகள். சாகிறவன் ரகசியத்தைச் சொல்வது மனைவியிடம், குறிபார்த்துச் சுடத் தெரிந்த அவள்தான் கூரையில் மகளைத் துரத்தும் ஆளைக் கடைசியில் சுட்டு வீழ்த்துகிறாள். 22 வருஷம் கழித்து அதே மனைவியின் கையில் துப்பாக்கிக்குப் பதில் மாத்திரையைக் கொடுத்தார் என்றால், கணவன் மனைவி விஷயத்தில் எதையோ புதிதாகப் பார்த்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

என் அப்பா ஒரு நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த நண்பர் கடனைக் கட்டவில்லை, அப்பாவின் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. எதற்கு அவளையும் போட்டு வருத்துவது என்பதுதான் அவர் எண்ணம், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வீட்டில் அவர் சிரிப்பது நின்றுபோனது, சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். வேறு யார் மூலமாகவோ அம்மாவுக்கு விஷயம் தெரிந்த அன்று பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "இத்தனை நாளா எம்மேலதான் ஏதோ கோபம்னு நெனச்சுக்கிட்டு, நான் என்ன தப்பு செஞ்சேன்னு தினம் தினம் தேடிக்கிட்டு இருந்தேனே" என்றார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. கடன் பின்னால் அடைந்துவிட்டது. அம்மா அந்தத் தேடலை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை. மறைப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை. விஷயத்தைத்தான் மறைக்க முடியும், முகத்தை மறைக்க முடியாது. காரணம் தெரியாத முகத்துக்கு மற்றவர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடிப்பார், அது பெரும்பாலும் தன்னையே குற்றவாளியாக்கும் காரணமாக இருக்கும்.

சரி, படங்களுக்கு வருகிறேன். 1996-இல் மெல் கிப்சன் நடித்த 'ரான்சம்' பார்த்திருப்பீர்கள். மகனைக் கடத்தியவன் 20 லட்சம் டாலர் கேட்கிறான். பணம் கொடுக்கும் முயற்சி ஒரு தடவை தோற்றதும், அப்பன் நேராக டெலிவிஷன் நிலையத்துக்குப் போய், பணம் கிடையாது, கடத்தியவனைப் பிடித்துக் கொடுப்பவனுக்கு இதே பணம் பரிசு என்று அறிவிக்கிறான். தியேட்டரில் கைதட்டுவதற்கென்றே எழுதிய காட்சி. பெற்றவள் இதை ஊர் உலகத்தோடு சேர்ந்து டிவியில்தான் தெரிந்துகொள்கிறாள். மகன் அவளுக்கும்தானே மகன்? அவன் கணக்கு சரியா தப்பா என்று ஆளாளுக்கு விவாதிக்கிறார்கள், எனக்கு அந்த விவாதமே வேண்டாம். அவன் அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தில் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ஹை அண்ட் லோ' (1963). காலணிக் கம்பெனி நிர்வாகி கோண்டோ (நடித்தவர் தோஷிரோ மிஃபுனே) கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டுவர இருப்பதையெல்லாம் அடகு வைத்துப் பணம் திரட்டி வைத்திருக்கிறான். 3 கோடி யென் கேட்டுப் போன் வருகிறது. தன் மகன் என்று நினைத்தபோது உடனே கொடுக்கிறேன் என்கிறான். கடத்தியவன் ஆள் தவறி டிரைவரின் மகனைத் தூக்கிவிட்டான் என்று தெரிந்ததும் முடியாது என்கிறான். கொடுத்தால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். மனைவி ரெய்கோ கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். நீ வசதியில் வளர்ந்தவள், உனக்கு வறுமை தெரியாது என்று அவன் கத்துகிறான். குன்றின் மேல் வீடு, கீழேயிருந்து கடத்தியவன் பார்ப்பான் என்பதால் திரை திறந்தால் துப்பறியும் போலீஸ்காரர்கள் தரையோடு தரையாகப் பதுங்குகிறார்கள். டிரைவர் ஒரு மூலையில் தலை குனிந்து நிற்கிறார். அத்தனை பேர் இருக்கும் அந்தக் கூடத்தில்தான் கணவனும் மனைவியும் மோதிக்கொள்கிறார்கள். கோண்டோ அவளிடம் கொடுமையாகப் பேசுகிறான். ஆனால் என்ன பணம், எதற்குச் சேர்த்தது, கொடுத்தால் என்ன போகும் என்று எல்லாம் அவள் முன்னால் இருக்கிறது. தெரிந்துதான் கொடு என்கிறாள். கடைசியில் அவன் கொடுக்கிறான், வேலை போகிறது, வீடும் போகிறது. நான் பார்த்த கடத்தல் படங்களிலேயே ஒழுங்கான கல்யாணம் அதுதான் என்று சொன்னால் நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவு சண்டை போடுகிறார்களே என்கிறார்கள். ஆமாம், சண்டைதான். மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கவில்லை.

இந்த வாரம் மனைவியோடு உட்கார்ந்து அந்த ஹிட்ச்காக் படத்தைப் பாருங்கள். மாத்திரை கொடுக்கும் காட்சி முடிந்ததும் நிறுத்துங்கள். உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள், முடியும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.