திருகோணமலையில் யார் எதை உடுத்தலாம் என்று யார் சொல்கிறார்கள்?

கேள்வி: உங்கள் ஊரில் ஆடைப் பழக்கம் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி? யார் எதை உடுத்தலாம் என்பதை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்?

நான் திருகோணமலை. அப்பப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது தையல்கடை. அதனால் ஃபேஷன் தெரிந்தவளாக அல்ல, அளவு நாடாவோடு வளர்ந்தவளாகத்தான் பதில் சொல்கிறேன். நான் பார்த்த வரையில் ஆண்களின் உடையை விலையும் வேலையும் தீர்மானித்தன. பெண்களின் உடையை ஊர் தீர்மானித்தது. இப்போதும் அப்படித்தான்.

ஆண்களின் கதை சின்னது, முதலில் அதை முடித்துவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்து எழுதுவினைஞர்கள் வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டு, தலைப்பாகையும் வைத்துக் கந்தோருக்குப் போனார்கள். பழைய வீட்டுச் சுவர்களில் அந்தப் படங்கள் இன்னும் தொங்குகின்றன. துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. டொக்யார்ட் வேலைக்குப் போனவர்கள் காற்சட்டைக்குப் பழகி, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாரத்துக்கு மாறினார்கள். அப்புறம் எழுபதுகளில் பெல்பொட்டம். அந்தக் கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு, நல்ல துணி கிடைப்பதே பெரும்பாடு. சரியாக அந்த நேரத்தில்தான் பொடியன்கள் கணுக்காலில் கூடாரம் அடித்த மாதிரிக் காற்சட்டை கேட்டு வந்தார்களாம். "ஒரு காலில் இரண்டு பேருக்குத் தைக்கலாம்" என்று அப்பப்பா முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார். ஊரில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. இன்று கல்யாண மாப்பிள்ளை இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டியோடு மணவறையில் இருக்கிறார். அதற்கும் யாரும் பண்பாட்டுக் கூட்டம் போடவில்லை.

பெண்கள் பக்கம் வாருங்கள். அம்மம்மாவின் தாயார் வீட்டில் குறுக்குக்கட்டோடுதான் இருப்பாராம். ரவிக்கை கிடையாது. வெளியே போகும்போது சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். அவருடைய மகள் கை வைத்த ரவிக்கை தைத்துப் போட்டபோது "உனக்கென்ன, துரைசாணி என்ற நினைப்போ" என்று வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். ஒரு தலைமுறை போனதும் ரவிக்கை இல்லாத பெண்தான் நாகரிகம் தெரியாதவள். அம்மாவின் வயதுப் பெண்கள் முழுப்பாவாடை தாவணி கட்டினார்கள். 1977க்குப் பிறகு கடைகளில் வெளிநாட்டுத் துணி குவிந்தது. நைலெக்ஸ் சேலை கட்டினால் உடம்போடு ஒட்டுகிறது என்று கிழவிகளுக்குக் கோபம். ஆனால் தோய்த்துப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், இஸ்திரிக்கை வேண்டாம். கிழவிகளும் கட்டினார்கள்.

பிறகு வந்தது பஞ்சாபி. சல்வார் கமீஸை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அது படம் பார்த்து வந்த ஆசை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு வேறு கருத்து. யுத்த காலத்தில் சைக்கிள் ஓட வேண்டும், சோதனைச் சாவடியில் இறங்கி ஏற வேண்டும், சில நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டும். சேலையோடு அது முடியாத காரியம். சீருடையும் நீளக் காற்சட்டையும் போட்ட போராளிப் பெண்களை ஊர் கண்ட பிறகு பஞ்சாபி அப்படியொன்றும் பெரிய அதிர்ச்சியாக இருக்கவில்லை. ஆனாலும் திட்டு விழுந்தது. துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊசி குத்தாமல் போன பெண் "அடக்கமில்லாதவள்". இன்றைக்குப் பாருங்கள், ஜீன்ஸ் போடும் மகளிடம் "ஒரு பஞ்சாபியாவது போடேன், நம்முடைய உடுப்பல்லவா" என்று கெஞ்சுவது அன்று திட்டு வாங்கிய அதே பெண்கள்தான். தாவணியோ சாமத்தியவீட்டுப் படத்துக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது.

எங்கள் கடைக்கு கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய வரும். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் மிதவைப் படகில் துணிப்பொதியோடு வந்து, பெருநாளுக்கு அளவு கொடுத்துவிட்டு, வெயில் சாய முன் திரும்பிவிடுவார்கள். அந்தப் பெரியம்மாமார் எல்லாரும் சேலைதான், தலையில் முக்காடு. அதே புடவைக்கடை, அதே நைலெக்ஸ். பிறகு அபாயா வந்தது. மார்க்க விளக்கம் ஒரு காரணம், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் இன்னொரு காரணம். வசதியும் ஒரு காரணம் என்று கடைக்கு வந்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டு உடுப்புக்கு மேலே போட்டுக்கொண்டு வாசல் தாண்டிவிடலாம்.

2018இல் எங்கள் நகரத்து இந்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயாவோடு வரலாமா என்று பெரிய பிரச்சினை வெடித்தது. ஆசிரியைகள் இடமாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கம் நியாயம் சொன்னது. 2022 பெப்ரவரியில் அதே விடயம் மறுபடி கொதித்தது. "சேலை எங்கள் பாடசாலையின் மரபு" என்று எங்கள் ஆட்கள் சத்தம் போட்டபோது எனக்கு அம்மம்மாவின் தாயார்தான் நினைவுக்கு வந்தார். ரவிக்கையோடு சேலை என்கிற மரபே அவருக்குத் தெரியாது. இது என் கருத்து, ஊரில் பலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை. 2024இல் இங்கேயே உயர்தரப் பரீட்சை எழுதிய முஸ்லிம் மாணவிகள் சுமார் 70 பேரின் பெறுபேறு, காதை மூடியிருந்தார்கள் என்று நிறுத்திவைக்கப்பட்டது. படித்த பிள்ளைகளின் காதைப் பற்றி ஒரு நாடு மாதக்கணக்கில் பேசியது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகம் மூடும் உடை அவசரகாலச் சட்டத்தில் தடையானது. அதற்கு அடுத்த மாதமே அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரி (கண்டிச் சேலைக்கட்டு) தான் உடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மாற்றினார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் கதை தலைகீழ். பொருத்தமான எளிய உடை போதும் என்று அரச ஊழியர்களுக்குச் சொன்னார்கள். அந்த நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் பாடசாலைக்குப் போய்ப் படம் போட்டதும், ஆசிரியர்களுக்கு அது பொருந்தாது என்று கல்வித்துறை மறுத்தது. சேலை, அதற்கேற்ற சட்டை, உள்பாவாடை எல்லாம் சேர்த்து என்ன விலை என்று அந்த மறுப்பை எழுதியவர் தையல்கடையில் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

இன்னொன்று, மேலே எழுதியது எல்லாம் ஓரளவு மதிப்போடு வாழ்ந்த குடும்பங்களின் கதை. சாதிக்கும் உடையில் கை இருந்தது. 1660இல் எங்கள் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், அங்கே உயர்குடிப் பெண்களின் துணி குதிக்கால் வரை தொங்கும், மற்றப் பெண்கள் இடுப்புக்கு மேலே மூடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். (அந்த மனிதர் அங்கே தொப்பி பின்னி விற்றுத்தான் பிழைத்தார், அந்த வகையில் எங்கள் தொழில்காரர்.) அது சிங்கள மன்னனின் நாடு, பழைய காலம் என்று நாங்கள் தப்ப முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிய இருபதாம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. சாதியைக் காட்டி ஒருவரின் உடையையோ செருப்பையோ தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டி வந்தது.

உப்புவெளிக் கடற்கரைக்குப் போனால் வேறொரு சட்டம். வெள்ளைக்காரி நீச்சலுடையில் படுத்திருப்பாள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ரூம் வாடகை வருகிறதே. பக்கத்தில் எங்கள் பெண்கள் முழுப் பஞ்சாபியோடு கடலில் இறங்கி, தண்ணீர் குடித்த துணியை இழுத்துக்கொண்டு கரையேறுவார்கள்.

தையல்கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் காற்சட்டை தைக்க யாரும் வருவதில்லை. ஏற்றுமதியில் கழித்த உடுப்புகளை லேபலை வெட்டிவிட்டு நடைபாதையில் விற்கிறார்கள், அந்த விலைக்கு எங்களால் நூல்கூட வாங்க முடியாது. பேஸ்புக்கில் நேரலை போட்டு குர்தி விற்கும் பிள்ளைகள் வேறு. எங்களுக்கு மிஞ்சியது அளவு திருத்தும் வேலை, அபாயா, கல்யாண ரவிக்கை, பாடசாலைச் சீருடை. ஆரி வேலை (கொக்கி ஊசிப் பூவேலை) செய்த ரவிக்கைக்குச் சில வேளை சேலையை விடக் கூடுதல் காசு வாங்குகிறோம், பெண் வீட்டார் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள். 1993இலிருந்து பிள்ளைகளுக்கு அரசாங்கம் சீருடைத் துணி இலவசமாகக் கொடுத்து வருகிறது. தையல்கூலி பெற்றோர் பாடு. புதிய தவணை தொடங்க முன் வரும் அந்த வெள்ளைத் துணிக் குவியல்தான் இப்போது எங்கள் பெரிய வருமானம். முஸ்லிம் பிள்ளைகளின் சீருடைக்கு நீளக் காற்சட்டையும் உண்டு என்பதால் அதற்குக் கூலி கொஞ்சம் கூட.