போடிங் பிள்ளைகளின் பசி: கேள்வி பதில்

கொழும்பில் போடிங்கில், அதாவது வாடகை அறையில், தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாணவ ஆலோசகராக இருக்கிறேன். சாப்பாட்டுச் செலவு பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

பதுளை மாணவி: மஹாபொல கிடைக்கிறது, சேர். ஆனாலும் மாதம் பாதி போக முன்னமே கை காலி. நான்தான் ஊதாரியா?

இல்லை, தங்கச்சி. மஹாபொல என்பது பல்கலைக்கழக மாணவருக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. அந்த 7,500ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 250. வெளிக்கடையில் ஒரு மீன் சோற்றுப் பார்சலுக்கே அது காணாது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டு விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்குப் பிறகு விலை ஏறும் வேகம்தான் குறைந்தது, விலை பழைய இடத்துக்கு வரவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இந்தக் காசிலும் கொஞ்சம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இதில் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாண மாணவன்: உதவி கேட்டால், "உனக்கு கனடாவில் மாமா இருக்கிறாரே" என்கிறார்கள்.

இந்தப் பேச்சை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். மாமா இருப்பது வேறு, மாதாமாதம் காசு வருவது வேறு. ஆளின் ஊரையும் உடுப்பையும் பார்த்துப் பசியை அளக்க முடியாது. உலக உணவு விவசாய அமைப்பு இதற்கென்றே எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. காசில்லாமல் ஒரு வேளை சாப்பாட்டை விட்டீர்களா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்ற மாதிரியான கேள்விகள். மாமாவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. உங்கள் பீடத்தின் மாணவ ஆலோசகரிடம் நேரே போங்கள். உதவித்தொகைத் தவணைக் காசு பிந்துகிறதென்றால் பிந்துகிற மாதமே சொல்லுங்கள், பரீட்சைக்கு முதல் வாரம் மயங்கி விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூதூர் மாணவன்: பக்கத்துக் கன்டீனில் ஹலால் இல்லை. சோறும் பருப்பும் மட்டும்தான் எடுக்கிறேன்.

கூட ஒரு கீரைச் சுண்டல் எடுங்கள். அறையில் முட்டை அவித்துக்கொள்ள முடிந்தால் புரதப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். நாலைந்து பேர் சேர்ந்து கன்டீன்காரரிடம் பேசிப் பாருங்கள். வாடிக்கை நிச்சயம் என்று தெரிந்தால் அவரும் யோசிப்பார்.

வெள்ளவத்தை மாணவி: தனியார் நிறுவனத்தில் படிக்கிறேன். எங்களுக்கு மஹாபொல உண்டா?

கிடையாது. அரசின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில் உங்கள் பாடநெறி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கடன் கடன்தான், கையெழுத்துப் போட முதல் வீட்டில் பேசுங்கள்.

ஒரு தாய்: மகள் காலையில் பிளேன்ரீ மட்டும்தான் குடிக்கிறாளாம். எப்போதும் களைப்பு என்கிறாள்.

தேத்தண்ணீர் பசியை அடக்கும், உடம்புக்குச் சாப்பாடு ஆகாது, அம்மா. சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். களைப்பு விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும். ஊரிலிருந்து அனுப்புவதென்றால் முறுக்கை விட வறுத்த நெத்தலியும் கடலையும் மேல்.

போடிங் வீட்டுக்காரர்: கரன்ட் பில் பயத்தில் ரைஸ் குக்கரைத் தடுத்திருக்கிறேன். பிழையா?

பிழை என்றுதான் சொல்வேன், ஐயா. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு ஒரு தரம் அவித்தால் மூன்று பிள்ளைகளின் இரவுச் சாப்பாடு முடிந்தது. பில்லில் கூடுவதைப் பிரித்து வாங்குங்கள், தருவார்கள்.

கடைசி வருட மாணவன்: அறை நண்பன் பட்டினி கிடக்கிறான். கேட்டால் "சாப்பிட்டேன் மச்சான்" என்கிறான்.

திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். கன்டீனில் அவன் பெயரில் கொஞ்சம் காசு முற்கூட்டியே கட்டி, கணக்கை முதலாளியிடம் விடுங்கள். இலவசப் பார்சலுக்கு வரிசை வைத்தால் இவனைப் போன்றவர்கள் வரவே மாட்டார்கள்.