லேடான் பாலத்துல இழுக்காத ப்ரோபாக்ஸுக்கு இன்ஜின் மாத்தணுமா?

யாங்கோன்லருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 2005 டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1.5 இன்ஜின், மேனுவல் கியர். திரிமிங்கலா மார்க்கெட்டுல காய்கறி மூட்டை ஏத்திட்டு லேடான் மேம்பாலம் ஏறுறப்ப ஒண்ணு, ரெண்டாவது கியர்ல மிதிச்சா உடனே இழுக்கலயாம். ப்ரோக்கர் ஒருத்தர் 'இன்ஜின் போச்சு, ஜப்பான் ஹாஃப்கட் இன்ஜின் கைவசம் இருக்கு, மாத்திடு'ன்னாராம். ஹாஃப்கட்னா ஜப்பான்ல ஓடுன பழைய கார வெட்டிக் கொண்டு வர்ற பாதி.

வேணாம் தம்பி, அவசரப்படாதீங்க. முதல்ல அழுக்க எடுங்க. ஏர் ஃபில்டர்லருந்து இன்ஜினுக்குப் போற குழாய கழட்டினா உள்ள வட்டமா ஒரு மூடி தெரியும், அதான் த்ராட்டில். அதோட ஓரத்துல கருப்பா பிசுபிசுன்னு வளையம் கட்டியிருக்கும், லேசா மிதிக்கும்போது காத்து போறதே அந்த இடுக்கு வழியாத்தான், அதான் சின்ன கியர்ல திணறுது. த்ராட்டிலுக்கு முன்னாடி, ஏர் ஃபில்டர் பக்கமா காத்த அளக்குற சென்சார் இருக்கு, உள்ள கம்பி முடி மாதிரி மெல்லிசு, அதுல விரலோ துணியோ படவே கூடாது, அதுக்குன்னு விக்கிற ஸ்ப்ரேய அடிச்சு நல்லா காய விடுங்க. ஸ்பார்க் ப்ளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர், தேஞ்சிருந்தா நாலையும் மாத்திடுங்க.

அடுத்து ஆயில். இதுல விவிடி-ஐ இருக்கு, ஆயில் பிரஷர்லதான் வால்வ் டைமிங் மாறும், வேகம் கம்மியா இருக்கப்ப இழுவை குடுக்குறதுல அதுக்குப் பெரிய பங்கு. ஆயில் கரியாகிட்டா அந்த வழில இருக்குற சின்ன சல்லடை அடைச்சுக்கும், மெக்கானிக்க அதையும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு, கிளட்ச். இத நல்லா கேட்டுக்கோங்க. காலி ரோட்டுல நாலாவது கியர்ல 40-ல போயிட்டு சட்டுனு முழுசா மிதிங்க, இன்ஜின் சத்தம் மட்டும் வீர்னு ஏறுது, வண்டி ஏறலன்னா கிளட்ச் வழுக்குது. சத்தமும் ஏறாம வண்டியும் ஏறாம திணறினா கிளட்ச் இல்ல. வழுக்குற கிளட்ச வச்சுக்கிட்டு த்ராட்டில் கழுவினாலும் சரி, ப்ரோக்கர் சொல்ற இன்ஜின மாட்டினாலும் சரி, பழைய கிளட்ச் தட்டையே திரும்ப மாட்டினா ஒண்ணும் மாறாது.

ஆக்ஸிலேட்டர்ல மாட்டுற பூஸ்டர் பெட்டி வாங்காதீங்க. அது மிதிக்கிற சிக்னலத்தான் பெருசாக்கும், பவர் தராது. 95 ஆக்டேன் பெட்ரோலும் வேணாம், ஜப்பான்ல சாதா (ரெகுலர்) பெட்ரோலுக்குன்னு செஞ்ச இன்ஜினுக்கு 92 போதும்.

மியான்மர்ல 2021-ல கார் இறக்குமதிய நிறுத்துனதுலருந்து பழைய வண்டிய எப்படியாவது ஓட்டித்தான் ஆகணும்னு ஆயிடுச்சு, நல்ல ப்ளக் ஒண்ணு வாங்க நாலு கடை ஏறணும், பாதி போலி, கேக்க ஆளில்ல, இந்த நெருக்கடியிலதான் ப்ரோக்கருங்க வாழுறாங்க. எனக்கு ஆத்திரமா வருது.

இதெல்லாம் செஞ்சும் இழுக்கலன்னா கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க, அதாவது ஒவ்வொரு சிலிண்டர்லயும் அழுத்தம் எவ்ளோன்னு அளக்குறது. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நல்லா காட்டினா இன்ஜின் திடமா இருக்கு. அந்த நாலு நம்பரையும் பேப்பர்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் ப்ரோக்கர்ட்ட பேசுங்க.