முகவரி மாறும் போன் பழுதான போனா?

கேள்வி: புதிதாக வாங்கிய ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, அமைப்புகளில் ஐபி முகவரியைப் பார்த்தால், எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரிகள் மூன்று இருக்கின்றன. மறுநாள் அவற்றில் ஒன்று மாறிவிடுகிறது. விற்ற கடையில் சிம் கார்டைக் குறை சொல்கிறார்கள். போனை மாற்றித் தரும்படி கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம். போனில் பழுது இல்லை. வைஃபை முகவரிக்கும் சிம் கார்டுக்கும் தொடர்பே இல்லை என்பதால், கடைக்காரரின் விளக்கமும் சரியன்று.

இணைய முகவரி தருவதற்கான பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஐபிவி4-இல் ரௌட்டர் முழு முகவரியையும் எடுத்துக் கொடுக்கும். நீங்கள் காணும் நீளமான முகவரிகள் புதிய முறையான ஐபிவி6-ஐச் சேர்ந்தவை. அதில் முகவரியின் நீளம் 128 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்). முகவரியின் முன்பாதியை மட்டும் ரௌட்டர் அறிவிக்க, மீதி 64 பிட்டைப் போன் தானே அமைத்துக்கொள்கிறது. சிம் வழி இணையத்திலும் நிறுவனம் ஓர் இணைப்புக்கு இத்தகைய ஒரு முன்பாதியைத்தான் ஒதுக்குகிறது.

தொடக்கத்தில் அந்தப் பின்பாதியைக் கருவியின் வன்பொருள் எண்ணிலிருந்து உருவாக்கும் வழக்கம் இருந்தது. நீங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் சென்றாலும் அதே வால் கூடவே வரும் என்பதால், இணையதளங்கள் உங்களை எளிதில் பின்தொடர முடிந்தது. இதைத் தவிர்க்கவே, ஏறத்தாழ ஒரு நாள் பயன்படுத்திவிட்டுப் புதிதாக மாற்றிக்கொள்ளும் தற்காலிக முகவரிகள் வந்தன. நீங்கள் காணும் மூன்றில் மாறுவது அதுதான், மற்றொன்று நிலையானது, 'எஃப்ஈ80' என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். ஆனாலும் முன்பாதி உங்கள் இணைப்பைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே இதை முழு மறைப்பு என்று நம்பிவிடாதீர்கள்.

'எஃப்ஈ80' முகவரி மட்டுமே தெரிந்தால்தான் விசாரிக்க வேண்டும். அப்போதும் முதலில் ரௌட்டரைப் பாருங்கள். டிஎச்சிபிவி6 (ரௌட்டரே முழு ஐபிவி6 முகவரியையும் எடுத்துக் கொடுக்கும் முறை) வழியாகத் தனி முகவரி பெறும் வசதி ஐபோனில் உண்டு, ஆண்ட்ராய்டில் இல்லை. எனவே ரௌட்டரில் அந்த முறை மட்டும் இயங்கினால், ஒரே வீட்டில் ஐபோனுக்கு ஐபிவி6 கிடைத்து உங்கள் போனுக்குக் கிடைக்காமல் போகும். ரௌட்டர் அமைப்பில் 'எஸ்.எல்.ஏ.ஏ.சி.' (போன் தானே பின்பாதியை அமைத்துக்கொள்ளும், மேலே சொன்ன முறை) என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். புதிய ரௌட்டர் வாங்குவதாக இருந்தால், எஸ்.எல்.ஏ.ஏ.சி. வசதி உள்ளதா என்று பெட்டியில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.