திட்டுவதற்கு மட்டும் ஒரு பெயரா?

ஏழு வயது மகளுக்குத் தன் பெயரே பிடிக்கவில்லை என்றும், நோட்டுப் புத்தக அட்டையில் இருக்கும் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுகிறாள் என்றும், வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்றும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இதைப் பற்றிய படப் புத்தகங்களில் எதை வாங்கிக் கொடுத்தால் அவள் மனம் மாறும் என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகங்களுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வீட்டில் எல்லோரும் செல்லப் பெயரால்தான் கூப்பிடுவோம், அவள் ஏதாவது தப்புச் செய்து எனக்குக் கோபம் வந்தால் மட்டும் முழுப்பெயர் வாயில் வரும்." கேலி செய்கிற பிள்ளைகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய உங்களுக்கு, இதை அடைப்புக்குறிக்குள் வைக்கத்தான் தோன்றியிருக்கிறது.

அந்தப் பெயர் உங்கள் வீட்டில் எப்போதெல்லாம் ஒலித்திருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். தரையில் தண்ணீரைக் கொட்டியபோது, சுவரில் கிறுக்கியபோது, தம்பியை அடித்தபோது. கொஞ்சுவதற்கு ஒரு பெயரும் கண்டிப்பதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டு, கண்டிக்கிற பெயரையே பள்ளிக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியர் அதைச் சத்தமாகப் படிக்கும்போது, தான் என்ன தப்புச் செய்தோம் என்றுதான் அந்தக் குழந்தையின் மனம் முதலில் தேடும். அந்த இரண்டு பிள்ளைகள் கேலி செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே அவளுக்கு அந்தப் பெயர் கசந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது புத்தகங்கள். இந்த வகையில் பலரும் முதலில் சொல்வது கெவின் ஹென்கஸ் 1991இல் எழுதி வரைந்த 'கிரிசாந்தமம்'. நீளமான பூப்பெயர் கொண்ட ஒரு சுண்டெலிச் சிறுமி, பள்ளிக்குப் போன முதல் நாளிலேயே பெயருக்காகக் கேலிக்கு ஆளாகி, பூப்போல வாடிப்போகிறாள். எல்லோருக்கும் பிடித்த இசை ஆசிரியை, தன் பெயரும் ஒரு நீளமான பூப்பெயர்தான் என்று சொன்ன பிறகே வகுப்பின் போக்கு மாறுகிறது. உங்களுக்குப் பரிந்துரைத்தவர்கள் இந்த முடிவை நினைத்தே பரிந்துரைத்திருப்பார்கள். நான் உங்களைத் தொடக்கப் பக்கங்களைப் பார்க்கச் சொல்கிறேன். காலையில் அம்மா எழுப்பும்போதும், சாப்பிட வரச்சொல்லி அப்பா அழைக்கும்போதும், கண்ணாடி முன்னால் நின்று தானே மெல்லச் சொல்லிப் பார்க்கும்போதும் அந்தப் பெயரின் ஓசை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்று ஹென்கஸ் முதலிலேயே எழுதிவிடுகிறார். பள்ளியில் அவள் இழந்ததும் பின்னால் மீட்டதும் வீட்டில் தாய்தகப்பன் வாயால் கிடைத்த அந்த இன்பத்தைத்தான். உங்கள் மகளுக்கு மீட்பதற்கு என்ன இருக்கிறது?

யாங்சூக் சோயின் 'தி நேம் ஜார்' (2001) புத்தகத்தில், கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த சிறுமிக்காக வகுப்புப் பிள்ளைகள் புதுப் பெயர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கண்ணாடி ஜாடியில் போடுகிறார்கள். கடைசியில் அவள் தன் பெயரையே வைத்துக்கொள்கிறாள். அவளிடம் பாட்டி கொடுத்தனுப்பிய பெயர் முத்திரை ஒன்று இருக்கிறது. ஹெலன் ரிகார்விட்ஸின் 'மை நேம் இஸ் யூன்' (2003) கதையில் வரும் சிறுமி தன் பெயருக்குப் பதிலாகப் பூனை, பறவை என்றெல்லாம் எழுதித் தருகிறாள். இரண்டும் நல்ல புத்தகங்கள்தாம், ஆனால் புது நாடும் புது மொழியும் அந்தச் சிறுமிகளின் சிக்கல். உங்கள் வீட்டுச் சிக்கல் வேறு.

அது என்ன என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் மாமியாரின் பெயர், உங்களுக்கு வேறு பெயர் வைக்க ஆசை, கணவர் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் மகளின் பெயரை நீங்கள் ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. பெரியவர்கள் போட்ட வழக்கில் தோற்ற கோபத்தைக் குழந்தையின் தலையில் இறக்கிவைப்பது நியாயமில்லை, சகோதரி. மாமியாரை உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை; இறந்துபோன ஒரு மனுஷியின் பெயரைத் திட்டுவதற்கென்று ஒதுக்கிவைக்காமல் இருப்பது ஒரு வீட்டில் குறைந்தபட்ச மரியாதை, அவ்வளவுதான். உங்கள் கணவரையும் விடுவதாக இல்லை. அம்மாவின் பெயரைப் பிடிவாதமாக வைத்தவர், அந்த அம்மா யார் என்று மகளுக்கு ஒருநாளாவது சொல்லியிருக்கிறாரா? பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஆளை மறைத்துவைப்பது கடமையைப் பாதியில் விடுவது.

அதனால் ஹுவானா மார்டினெஸ்-நீல் எழுதி வரைந்த 'அல்மா'வை (2018) வாங்குங்கள். அமெரிக்காவில் சிறந்த படப் புத்தகங்களுக்குத் தரும் கால்டெகாட் கௌரவத்தை அடுத்த ஆண்டே பெற்ற புத்தகம் அது. காகிதத்தில் அடங்காத அளவுக்குப் பெயர் நீளமாக இருக்கிறது என்று குறைப்படும் சிறுமியை அப்பா பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பெயரும் யாருடையது என்று சொல்கிறார். அதில் ஒன்று அவருடைய அம்மாவின் பெயர். புத்தகங்களையும் கவிதையையும் மல்லிகையையும் நேசித்த பாட்டி என்று அறிந்ததும், எனக்கும் அவையெல்லாம் பிடிக்குமே என்று அந்தக் குழந்தை துள்ளுகிறது. இதை உங்கள் கணவர்தான் வாசித்துக் காட்ட வேண்டும், வாசித்து முடித்த கையோடு தன் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். அந்த அம்மாவின் பிடிவாதத்தையும் சேர்த்தே சொல்லலாம். பிள்ளைகளுக்குக் குறையுள்ள பாட்டிகளைத்தான் பிடிக்கும். "புரிந்ததா, இனிமேல் பெயரை அடிக்கக் கூடாது" என்று கடைசியில் யாரும் பாடம் நடத்த வேண்டாம். குழந்தைகளின் புத்தகங்களைப் பெரியவர்கள் கெடுப்பது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

உங்கள் பங்கு நாளைக் காலையிலேயே தொடங்குகிறது. அவளை எழுப்பும்போது அந்தப் பெயரைச் சொல்லி எழுப்புங்கள். சாப்பிடக் கூப்பிடும்போதும், நன்றாகச் செய்தாய் என்று சொல்லும்போதும் அதுவே வரட்டும். முதலில் உங்கள் வாய்க்கு வராது, அவளும் பயந்துபோய்த் திரும்பிப் பார்ப்பாள், விடாமல் கூப்பிடுங்கள். செல்லப் பெயரை விட வேண்டியதில்லை. கோபம் வந்தால் பெயரே சொல்லாமல் கோபப்படுங்கள்.

கேலியைப் பற்றி வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே நேரில் பேசுங்கள். அது சின்ன வேலை. பெயரை மாற்றலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. வளர்ந்த பிறகு அவளே மாற்றிக்கொள்ள விரும்பினால் அது அவள் உரிமை. 'கிரிசாந்தமம்' புத்தகத்தை இப்போதைக்கு வாங்க வேண்டாம். காலையில் அம்மா எழுப்பும் அந்த வரியைப் படித்துவிட்டு அவள் உங்களை நிமிர்ந்து பார்த்தால், பதில் சொல்ல நீங்கள் இன்னும் தயாராகவில்லை.