கேள்வி-பதில்: செல்ஃப் அடிக்கிறது, வண்டி பிடிக்கவில்லை

கே: சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான், இன்ஜின் சுற்றவே இல்லை. மெக்கானிக் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) போய்விட்டது, 3,500 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா? (திருநெல்வேலி வாசகர்)

ப: வேண்டாம். இன்ஜினே சுற்றாத வண்டியில் காயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். அப்புறமும் டிக் டிக் என்றால் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கவனியுங்கள்.

கே: டீசல் காருக்கு எந்த ஸ்பார்க் பிளக் நல்லது? (மதுரை வாசகர்)

ப: எதுவும் இல்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. யாராவது மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கியிருந்தால் மறுபடியும் எனக்கு எழுதுங்கள்.

கே: ஒன்பது வருடப் பெட்ரோல் கார். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். வெயிலில் ஓட்டி நிறுத்தினால் செல்ஃப் நன்றாக அடிக்கும், ஆனால் பிடிக்காது. அரைமணி ஆறினால் பிடித்துக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றி 21,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கம்ப்ளைண்ட் அப்படியே இருக்கிறது. இப்போது இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றணுமாம். பில் கேட்டால் துண்டுச் சீட்டு தருகிறார்கள். (கோவை வாசகி)

ப: இசிஎம்முக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியது கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்று இசிஎம்முக்குச் சொல்வது அதுதான். அந்தத் தகவல் வராவிட்டால் பல வண்டிகளில் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் தெளிக்காது. பழைய சென்சார் சூட்டில் மக்கர் பண்ணும், ஆறினால் வேலை செய்யும். வண்டி பிடிக்காத நேரத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பூஜ்யத்திலேயே கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஸ்கேனரில் கிராங்க் சென்சார் இணைப்பில் கோளாறு என்று சொல்லும் பி0335 என்ற கோடு வரலாம். வந்தாலும் உடனே சென்சார் வாங்க ஓடக் கூடாது, வயரும் கனெக்டரும் சரியா என்று பார்த்த பிறகுதான். ஆறிய வண்டியைச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இனி என் பழைய புலம்பல். கழற்றிய பாகம் எங்கே? ‘குப்பையில் போட்டாச்சு’ என்பார்கள். யாருடைய பொருளை யார் குப்பையில் போடுவது? அந்த காயில் உங்களுடையது, அதுவும் நல்ல காயில்! கம்ப்ளைண்ட் தீரவில்லை என்பதே அதற்குச் சாட்சி. வண்டியை விடும்போதே ஜாப் கார்டில், அதாவது வேலை விவரச் சீட்டில், எழுதி வாங்குங்கள்: என்ன கம்ப்ளைண்ட், என்ன சோதித்தார்கள், என்ன விலை, பழைய பாகம் திரும்ப வேண்டும். ‘மாற்றிப் பார்க்கலாம் மேடம்’ என்று எவர் சொன்னாலும், யார் காசில் என்று கேளுங்கள். ஊகத்துக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது?

கேட்டும் பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கே: ஆன்லைனில் பாதி விலைக்கு இரிடியம் பிளக் வாங்கினேன். ஒரே வாரத்தில் இன்ஜின் மிஸ்ஸிங், விட்டுவிட்டு ஓடுகிறது. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (சேலம் வாசகர்)

ப: அதே ரகத்தில் ஒரு செட் என் மேசை டிராயரிலும் கிடக்கிறது, பக்கத்தில் லைட்டர் சாக்கெட்டில் செருகும் ‘மைலேஜ் கூட்டும்’ டப்பா. அதைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு குட்டி எல்இடி விளக்குதான் உருப்படியாக இருந்தது. இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி போல மெல்லிசாக இருக்கும். உங்களுடையது தடிமனாக இருந்தால் டூப்ளிகேட். போலியான, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று ஆன்லைன் விற்பனையாளர் சொல்ல 2020 மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. போட்டோ எடுத்து எழுத்தில் கேளுங்கள்.

கே: சாவி தொலைந்ததால் தெருமுனையில் 200 ரூபாய்க்கு வெட்டினேன். வண்டி பிடித்த உடனே நின்றுவிடுகிறது, டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறது. பிளக் மாற்றட்டுமா? (வேலூர் வாசகர்)

ப: வண்டி தன் சாவியை அடையாளம் காணும் சிப் புதுச் சாவியில் இல்லை, அதனால்தான் நிற்கிறது. பிளக் மேல் என்ன கோபம்?

கே: பழைய கார் வாங்கினேன். பார்க்கப் போனபோது பட்டென்று ஸ்டார்ட் ஆனது. இப்போது தினமும் காலையில் தள்ள வேண்டியிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: போன உடனே பானெட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? சூடாக இருந்திருக்கும். நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருப்பார்கள். பழைய வண்டியை இரவு முழுக்க ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் எத்தனை தடவை எழுதுவது? டீலரிடம் வாங்கியிருந்தால், அவர் சொன்ன வாக்குறுதிகளின் வாட்ஸ்அப் செய்திகளோடு 1915-க்குப் பேசலாம். தெரிந்தவர், அக்கம்பக்கத்தவர் என்று தனி ஆளிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வேலை இல்லை. பேட்டரியை மட்டும் சோதித்துவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள்.