வர்த்தூர் கால்வாய்த் தண்ணீரும் பூ உதிரும் தக்காளியும்

கேள்வி: ஐயா, பெங்களூரு வர்த்தூர் ஏரிக்குக் கீழே, தென்பெண்ணைக்குப் போகும் கால்வாயை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். ஒரு ஏக்கரில் தக்காளி, மீதியில் கொத்தமல்லி. மேலே சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபிறகு நாற்றமும் நுரையும் குறைந்து, தண்ணீர் தெளிவாக வருகிறது. ஆனால் தக்காளி இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாக நிற்கிறதே தவிர, பூவெல்லாம் உதிர்கிறது. பிடித்த காயும் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது. உரக்கடையில் பூ பிடிக்க ஒரு டானிக்கும் 20:20 உரமும் தந்தார்கள். பலன் இல்லை. வேறு எந்த டானிக் அடிக்கலாம்?

பதில்: அம்மா, எதுவும் அடிக்காதீர்கள். உங்கள் செடிக்குப் பசி இல்லை, அஜீரணம். தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் தக்காளி இலையாகவே ஓடும், பூவை உதிர்க்கும். வெள்ளை ஈயும் அந்த இளம் இலையைத்தான் தேடி வரும், இலைச்சுருட்டை வைரஸையும் கூடவே கொண்டுவரும்.

அந்தச் சத்து எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்துதான். சுத்திகரிப்பு நிலையம் முக்கியமாக எடுப்பது அழுகும் கழிவையும் வண்டலையும். அதனால்தான் நாற்றம் போயிற்று. தழைச்சத்தை எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லாத நிலையத்தில் அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ பெரும்பகுதி தண்ணீரோடே வெளியே வந்துவிடும். நைட்ரேட்டுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினால் சுமார் 1 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு பாய்ச்சலுக்கு 2 கிலோ. 25 பாய்ச்சலுக்கு 50 கிலோ. யூரியாவில் பாதிக்கும் சற்றுக் குறைவுதான் தழைச்சத்து என்பதால், அது 45 கிலோ யூரியா மூட்டை இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. பைசா செலவில்லாமல் இத்தனை யூரியா போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் கடைக்காரர் தழைச்சத்து உள்ள 20:20 போடச் சொல்கிறார்! தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் உரம் தருகிறவரிடம் அடுத்த முறை டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள், உரம் வாங்க வேண்டாம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஒழுங்காக எழுதாத டானிக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போதைக்கு யூரியாவும் கூட்டு உரமும் முழு நிறுத்தம். சாம்பல்சத்து (பொட்டாஷ்) மட்டும் கொடுங்கள், அதுவும் சல்பேட் வகையாக. இந்தத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கும், பொட்டாஷ் குளோரைடு அதைக் கூட்டும். அடி கறுப்பது கிருமி நோய் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து எட்டாத குறை. லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கலந்து மாலையில் தெளியுங்கள். காயவிட்டு வெள்ளமாகப் பாய்ச்சாமல் ஈரம் ஒரே சீராக இருக்கட்டும்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கொத்தமல்லி. தக்காளி தரையைத் தொடாமல் குச்சியில் நிற்கிறது, பாதி குழம்புக்குப் போகிறது. கொத்தமல்லி அந்தத் தண்ணீரிலேயே நனைந்து, பச்சையாகவே சட்னிக்குப் போகிறது. பச்சையாகச் சாப்பிடும் பயிருக்கான பாசன நீரில் 100 மில்லிக்கு 1000 மலக்கிருமிக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே சொன்னது. கிருமி நீக்கம் செய்யாத சுத்திகரிப்பு நீர் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். தெளிவாக இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். பெங்களூரின் கே.சி. வேலி (கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்தில் 2018 முதல் கோலாருக்குப் போகும் சுத்திகரிப்பு நீரைக்கூட ஏரிகளில் தேக்கி நிலத்தடியில் இறக்குவதுதான் நோக்கம், நேராக வயலுக்குத் திருப்புவது இல்லை.

கொத்தமல்லிக்குப் போர்வெல் தண்ணீர் கிடைத்தால் தொடருங்கள். கிடைக்காவிட்டால் அந்த அரை ஏக்கரில் செவ்வந்தி போடுங்கள். கால்வாய் நீரை ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் கொடுத்து நைட்ரேட், அம்மோனியா, உப்பு, சோடியம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தாளை எனக்கு அனுப்புங்கள், அடுத்த போகத்துக்கு எவ்வளவு உரம் என்று அப்புறம் பேசலாம்.